லினக்ஸ் கணினியில் சத்தம் வரவில்லையா? ஒவ்வொரு துருசாகப் பார்ப்போம்

முதலில் ஒரு வேண்டுகோள். சத்தம் வரவில்லை என்பதற்காக லினக்ஸை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவாதீர்கள். திருகோணமலையில் என்னிடம் வரும் கணினிகளில் பலவற்றை அதற்கு முன்பே யாரோ ஒருமுறை அழித்து நிறுவியிருப்பார்கள். குடும்பப் படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் போயிருக்கும். சத்தம் மட்டும் அப்படியே வராமல் இருக்கும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயலுக்கு வராவிட்டால், குளத்தை உடைத்துக் கட்ட யாரும் போவதில்லை. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடப்பார். எந்தத் துருசு மூடியிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். லினக்ஸில் சத்தத்தைத் தேடுவதும் அதே வேலைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சத்தம் எதனால் வந்தது என்று தெரியாவிட்டால், அது அடுத்தமுறை போகும்போது திரும்பவும் தொடக்கத்திலிருந்து வரவேண்டியிருக்கும்.

சத்தம் வரும் வழி

சத்தம் புறப்படும் இடம் ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி போன்ற செயலி. அது பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவையிடம் சத்தத்தைக் கொடுக்கும். சேவை அதை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் அல்சாவிடம் கொடுக்கும். சவுண்ட் கார்டுகளை இயக்கும் டிரைவர்கள் அல்சாவிடம்தான் இருக்கின்றன. கடைசியில் சிப், அதிலிருந்து ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். சவுண்ட் கார்டு என்று நாம் சொல்வது இப்போது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதித்த, ரியல்டெக் போன்ற ஒரு நகமளவு சிப்தான்.

அல்சா 2003 கடைசியில் வெளிவந்த 2.6 கெர்னலோடு நிலைபெற்றது. உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்குப் பல்ஸ்ஆடியோ 2008 இல் 8.04 பதிப்போடு வந்தது. 2021 இல் ஃபெடோரா 34 அதன் இடத்தில் பைப்வயரை வைத்தது. உபுண்டு 22.10 இலும் மின்ட் 22 இலும் அதே மாற்றம் வந்தது. இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் பல வழிகள் பைப்வயருக்கு முந்திய காலத்தவை. பல்ஸ்ஆடியோவை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவச் சொல்லும். பைப்வயர் ஓடும் கணினியில் அதைச் செய்தால் டெஸ்க்டொப்புக்குத் தேவையான மென்பொருள் பொதிகளும் சேர்ந்து கழன்றுவிடலாம். எந்த வழியைப் படித்தாலும் அது எழுதப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள்.

கட்டளைகளை, மூதூரிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ யாராவது அழைத்தால் தொலைபேசியில் எப்படிச் சொல்வேனோ அப்படியே இங்கே எழுதியிருக்கிறேன். நீங்கள் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கில எழுத்தில், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக அடியுங்கள். ‘டீ’ என்றால் நான்காவது எழுத்து. ‘ரீ’ என்றால் ரீவியில் வரும் எழுத்து. ‘பீ’ என்றால் பேப்பரில் வரும் எழுத்து. ‘கோடு’ என்றால் சின்ன இடைக்கோடு.

டெர்மினலைத் திறப்பதற்கு முன்

பவுகன்ட்ரோல் என்ற சின்னச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். பீ, ஏ, வீ, யூ, அதோடு ‘கன்ட்ரோல்’ சேர்த்து ஒரே சொல். பல்ஸ்ஆடியோவுக்கு எழுதப்பட்டது என்றாலும் பைப்வயரிலும் நன்றாக வேலை செய்யும். ஒரு காணொளியை ஓடவிட்டு, இதன் ‘பிளேபேக்’ பக்கத்தைப் பாருங்கள். அந்தச் செயலியின் பெயரும் அதன் கீழே ஒரு பட்டையும் தெரியும்.

பட்டை துடிக்கிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், செயலியிலிருந்து சேவை வரைக்கும் வாய்க்கால் சரி. அடைப்பு அதற்குக் கீழே. பட்டையே அசையவில்லை என்றால் பிரச்சினை செயலியில். பிரவுசர் டாப்பில் மியூட் விழுந்திருக்கும், அல்லது காணொளியின் சொந்த ஒலியளவு பூச்சியத்தில் இருக்கும். இந்த ஒரு பட்டை எனக்கு மிச்சப்படுத்தித் தந்த நேரம் கொஞ்சமல்ல.

அடுத்து ‘கன்ஃபிகரேஷன்’ பக்கம். கார்டின் புரொஃபைல் ‘ஆஃப்’ என்று இருந்தால் சத்தம் வராது. எச்டிஎம்ஐ என்று இருந்தால் சத்தம் ரீவிக்கோ மானிட்டருக்கோ போய்க்கொண்டிருக்கும். வீட்டில் ரீவியோடு ஒருமுறை இணைத்துப் படம் பார்த்துவிட்டு, மறுநாள் சத்தம் போய்விட்டது என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். ‘அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம் ‘அவுட்புட் டிவைசஸ்’ பக்கத்தில் போர்ட் ஸ்பீக்கரில் இருக்கிறதா, ஹெட்போனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினியில் விண்டோஸும் இருந்தால் இன்னொன்று. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை முழுதாக அணைப்பதில்லை. அதனால் சிப் அரைகுறை நிலையில் லினக்ஸின் கைக்கு வரலாம். விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அது முழுதாக அணைக்கும். பிறகு சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு லினக்ஸைத் தொடங்குங்கள்.

உப்புக் காற்றும் ஹெட்போன் துளையும்

போன வாடைக் காலத்தில் கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள். மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, மூணு நாளா வகுப்பில ஒண்டும் கேக்குதில்ல. கடையில காட்டினா மதர்போர்டு போயிட்டெண்டு சொல்றாங்க” என்றார். ஒலியளவை ஏற்றிப் பார்த்தேன். திரையில் வந்தது ஹெட்போன் படம். ஆனால் துளையில் எதுவும் செருகியிருக்கவில்லை.

போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த உலோகத் தகட்டில் பாசி பிடித்ததுபோல் பச்சை படிந்திருந்தது.

அந்தத் துளைக்குள் வளையும் தகடு ஒன்று இருக்கிறது. பிளக் உள்ளே போகும்போது அது தள்ளப்படும். அந்த அசைவை வைத்துத்தான் ஹெட்போன் வந்துவிட்டது என்று சிப் அறிந்து, ஸ்பீக்கரை மூடுகிறது. தகடு உப்பில் அரித்து ஒட்டிக்கொண்டால், பிளக் எப்போதும் உள்ளே இருப்பதாகவே சிப் நினைக்கும். நம்முடைய ஊர்ப் பெயர்களே உவர்மலை, உப்புவெளி. கடலைப் பார்த்த யன்னலோரம் மேசையைப் போட்டுப் படிக்கும் பிள்ளைகளின் கணினிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வெளியூரில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதைக் கடைசியில் சொல்லும், அல்லது சொல்லாமலே விடும். இங்கே இதை முதலில் பார்க்கவேண்டும் என்பது என் முடிவு.

துப்பரவு செய்யும் முறை இது. கணினியை முழுதாக அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றுங்கள். பார்மசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் கேளுங்கள், 90 வீதத்துக்கு மேற்பட்டது நல்லது. பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய பிரஷில் இரண்டு துளி தொட்டு, துளைக்குள் மெதுவாகச் சுற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே சிக்கும். ஊசி, சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள், தகடு வளைந்தால் பிறகு துளையையே மாற்றவேண்டும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். பிறகு ஒரு ஹெட்போன் பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். கால் மணி நேரம் காயவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தப் பிள்ளையின் கணினியைத் தொடங்கியபோது ஹெட்போன் படம் போய் ஸ்பீக்கர் படம் வந்திருந்தது. அவள் அங்கேயே நின்று வகுப்புப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

துப்பரவு செய்தும் சரிவராவிட்டால், மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. கீழே வரும் அல்சாமிக்சரில் ‘ஆட்டோ மியூட் மோட்’ என்று ஒரு பட்டை சில கார்டுகளுக்கு இருக்கும். மேல் அம்பை அல்லது கீழ் அம்பை அழுத்தி அதை ‘டிசேபிள்ட்’ ஆக்குங்கள். பவுகன்ட்ரோலில் போர்ட்டை ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். இன்னும் ஆழமாகப் போகவேண்டுமானால் எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்ற செயலியால் அந்தத் துளையையே இல்லாததாகக் குறிக்கலாம். டெபியன், உபுண்டுவில் அது அல்சா-டூல்ஸ்-ஜீயூஐ என்ற பொதியில் வரும்.

லினக்ஸ் கார்டைப் பார்க்கிறதா

இனி டெர்மினல். முதல் கட்டளை: ஏ, பீ, எல், ஏ, வை, இடைவெளி, கோடு, எல். இது அல்சாவுக்குத் தெரிந்த கார்டுகளைப் பட்டியலிடும். ‘கார்டு 0’, ‘கார்டு 1’ என்று வரிகள் வந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. எச்டிஎம்ஐ மட்டும் வந்து ‘அனலாக்’ என்ற சொல்லே எங்கும் இல்லாவிட்டால், பாதிதான் ஏறியிருக்கிறது. கார்டு எதுவும் இல்லை என்று வந்தால் இரண்டாவது கட்டளைக்குப் போங்கள்.

இரண்டாவது: எல், எஸ், பீ, சீ, ஐ, இடைவெளி, கோடு, கே. நீளமான பட்டியல் வரும். அதில் ‘ஓடியோ டிவைஸ்’ அல்லது ‘மல்டிமீடியா’ என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கவேண்டும். அந்தப் பகுதியே இல்லாவிட்டால், கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாசுக்குள் போய், ஆன்போர்டு ஓடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டெஸ்க்டொப்களில் மதர்போர்டில் உள்ள சீமோஸ் பற்றரி இறந்து, பயாஸ் அமைப்புகள் மாறியிருக்கவும் கூடும். பயாசில் இருந்தும் பட்டியலில் வராவிட்டால் சிப்பையே சந்தேகிக்கலாம்.

பகுதி இருக்கிறது, ஆனால் டிரைவர் வரி இல்லை, அல்லது டிரைவர் இருந்தும் முதல் கட்டளை கார்டைக் காட்டவில்லை. புதிய மடிக்கணினிகளில் அதிகம் வரும் சிக்கல் இதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளாக இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கவனிக்க டிஎஸ்பி என்ற ஒரு சின்ன புரோசெசர் இருக்கிறது. அதற்குக் கணினி தொடங்கும்போது ஃபர்ம்வெயர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஊட்டவேண்டும். அந்த ஃபர்ம்வெயரை எழுதும் திட்டத்தின் பெயர் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வெயர், சுருக்கமாக எஸ்ஓஎஃப். ஃபர்ம்வெயர் கோப்பு டிஸ்கில் இல்லாவிட்டால் டிரைவர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். உறுதிசெய்ய: ‘சூடோ’ என்பதற்கு எஸ், யூ, டீ, ஓ, இடைவெளி, டீ, எம், ஈ, எஸ், ஜீ. சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. வரும் வரிகளில் எஸ்ஓஎஃப் என்றும் ஃபர்ம்வெயர் கிடைக்கவில்லை என்றும் சிவப்பாகத் தெரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

டெபியனில் நிறுவவேண்டியது ஃபர்ம்வெயர்-எஸ்ஓஎஃப்-சைன்ட். ஃபெடோராவில் அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வெயர். ஆர்ச்சில் எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வெயர். உபுண்டு, மின்ட் என்றால் முழு அப்டேட் ஒன்றைச் செய்தாலே பெரும்பாலும் வந்துவிடும். சில நூறு எம்பி டேட்டா போகும், போனிலிருந்து இணைப்புக் கொடுப்பவர்கள் அதைக் கணக்கில் வையுங்கள். டெபியன் 12 க்கு முந்திய நிறுவல் வட்டுகளில் இப்படிப்பட்ட ஃபர்ம்வெயர் சேர்க்கப்படவில்லை, பழைய பென்டிரைவிலிருந்து நிறுவியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஃபர்ம்வெயர் போட்டும் வராவிட்டால், பழைய டிரைவரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்க்கலாம். ‘ஈரீசீ’ கோப்புறைக்குள் ‘மோட்புரோப் புள்ளி டீ’ என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள் ‘புள்ளி கான்ஃப்’ என்று முடியும் ஒரு புதிய கோப்பு உருவாக்கி, இந்த ஒரே வரியை எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, எஸ்-என்-டீ கோடு இன்டெல் கோடு டீ-எஸ்-பீ-சீ-எஃப்-ஜீ, இடைவெளி, டீ-எஸ்-பீ அடிக்கோடு டிரைவர் சமக்குறி 1. சேமித்துவிட்டு, ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, இடைவெளி, கோடு, யூ என்று டெபியன், உபுண்டு வகைகளில் கொடுத்து, கணினியைத் திரும்பத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் வந்தாலும், மடிக்கணினியின் உள் மைக் இந்த வழியில் வேலை செய்யாமல் போகலாம். வகுப்பில் பேசவேண்டிய பிள்ளைக்கு அது பெரிய இழப்பு, ஆகவே இதைக் கடைசி வழியாக வையுங்கள். பலன் இல்லை என்றால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

கார்டு இருக்கிறது, ஆனால் ஊமை

அல்சாமிக்சரைத் திறங்கள். ஏ, எல், எஸ், ஏ, அதோடு ‘மிக்சர்’. முதலில் ஒரே ஒரு பட்டைதான் தெரியும், அது சேவையின் பட்டை. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தெரிவு செய்தால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன், பீசிஎம் என்று பட்டைகள் வரிசையாக வரும். பட்டையின் அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் மூடியிருக்கிறது, இரண்டு ஓ இருந்தால் திறந்திருக்கிறது. அம்பு விசையால் அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையை அழுத்துங்கள். மாஸ்டர் திறந்திருக்க ஸ்பீக்கர் மட்டும் மூடிக் கிடப்பது அடிக்கடி நடக்கும். எத்தனையோ பேரின் கணினியில் முழுக் கதையும் இதுவாகவே இருந்திருக்கிறது. வெளியே வந்து ‘சூடோ அல்சாசீரீஎல் ஸ்டோர்’ கொடுத்தால், அதாவது அல்சாவோடு சீ, ரீ, எல் சேர்த்து, இந்த நிலை சேமிக்கப்படும்.

சோதிக்க: ‘ஸ்பீக்கர் கோடு டெஸ்ட்’ சேர்த்து ஒரே சொல், இடைவெளி, கோடு, சீ, இடைவெளி, 2, இடைவெளி, கோடு, ரீ, இடைவெளி, ‘வேவ்’ என்பதற்கு டபிள்யூ, ஏ, வீ. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இடது, வலது என்று மாறி மாறிச் சொல்லும். நிறுத்த கன்ட்ரோலும் சீயும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் ஸ்பீக்கர் வயரையோ ஹெட்போன் துளையையோ பாருங்கள், லினக்ஸை விட்டுவிடலாம்.

‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் தெரிந்தால்

ஒலி அமைப்பில் இந்தப் பெயர் மட்டும் வந்தால், சேவைக்குக் கார்டே கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் கட்டளையில் கார்டு தெரிந்தது, இங்கே மட்டும் இல்லை என்றால் சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். ‘சிஸ்டம்’ என்பதோடு சீ, ரீ, எல், இடைவெளி, இரண்டு கோடும் ‘யூசர்’ உம், இடைவெளி, ‘ரீஸ்டார்ட்’, பிறகு இடைவெளி விட்டு விட்டு ‘வயர்பிளம்பர்’, ‘பைப்வயர்’, ‘பைப்வயர் கோடு பல்ஸ்’. இதற்கு சூடோ போடாதீர்கள், இது உங்கள் பயனர் கணக்கில் ஓடும் சேவை. வயர்பிளம்பர் என்பது பைப்வயரின் துணைச் சேவை. நிலைமையைப் பார்க்க டபிள்யூ, பீ, சீ, ரீ, எல், இடைவெளி, ‘ஸ்டேட்டஸ்’. ‘சிங்க்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி போட்டிருப்பதுதான் இப்போது சத்தம் போகும் இடம்.

இன்னும் டம்மிதான் என்றால் வேறு ஏதோ ஒன்று கார்டைப் பிடித்து வைத்திருக்கலாம். சூடோ, எஃப், யூ, எஸ், ஈ, ஆர், இடைவெளி, கோடு, வீ, இடைவெளி, அப்புறம் ‘/டெவ்/எஸ்என்டீ/’ முடிவில் நட்சத்திரக் குறி. பைப்வயரும் வயர்பிளம்பரும் தவிர வேறு பெயர் வந்தால் அதுதான் ஆள். மிடி இசை வாசிக்க நிறுவப்படும் டிமிடிட்டி டீமன் என்ற பின்னணிச் சேவை இப்படிப் பிடித்துக்கொள்வதில் பேர்போனது. அதை நீக்கினால் கார்டு விடுபடும். அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக் கோப்புறையில் ‘புள்ளி லோக்கல்’, அதற்குள் ‘ஸ்டேட்’, அதற்குள் ‘வயர்பிளம்பர்’ என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். பழைய தெரிவுகள் மறந்து, புதிதாகத் தொடங்கும். அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வது, தேவைப்பட்டால் திரும்ப வைப்பதற்காக.

மைக், புளூடூத், டக் டக் சத்தம்

மைக் கேட்கவில்லை என்றால் அல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தி, ‘கப்சர்’ பட்டையில் ஸ்பேஸ் தட்டுங்கள். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனிப் பிளக் உள்ள ஹெட்செட்டை ஒற்றைத் துளை மடிக்கணினியில் செருகினால் மைக் வராது, இரண்டையும் ஒன்றாக்கும் சின்ன அடாப்டர் வேண்டும்.

புளூடூத் ஹெட்போனில் வகுப்பு தொடங்கியவுடன் சத்தம் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுவது பழுதல்ல. மைக்கைத் திறந்ததும் அது வேறு முறைக்கு மாறுகிறது. கணினியின் உள் மைக்கைத் தெரிவு செய்துவிட்டு, ஹெட்போனை ஏ2டீபீ புரொஃபைலில் வைத்தால் தெளிவு திரும்பும்.

பாட்டு தொடங்கும்போதும் நிற்கும்போதும் டக் என்று கேட்டால் சிப் தூங்கி எழும் சத்தம் அது. முன்னே சொன்ன அதே கோப்புறையில் ஒரு கோப்பு: ஆப்ஷன்ஸ், இடைவெளி, எஸ்-என்-டீ அடிக்கோடு எச்-டீ-ஏ அடிக்கோடு இன்டெல், இடைவெளி, பவர் அடிக்கோடு சேவ் சமக்குறி 0.

லைவ் பென்டிரைவ்

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால், புதிய உபுண்டு அல்லது ஃபெடோராவை ஒரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். டிஸ்கில் உள்ள எதுவும் தொடப்படாது. அதில் சத்தம் வந்தால் கார்டு நலம், உங்கள் லினக்ஸின் அமைப்பில்தான் கோளாறு. கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் உதவி கேட்பதற்கு முன் அல்சா-இன்ஃபோ என்ற கட்டளையை ஓட்டி, அது தரும் அறிக்கையைச் சேமித்து வையுங்கள். கார்டு, டிரைவர், கெர்னல் பதிப்பு, மிக்சர் நிலை எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும். சத்தம் வரவில்லை என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. அந்த அறிக்கையோடு போனால் தெரிந்தவர் ஒருவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

சிப் உண்மையிலேயே செத்திருந்தால் மதர்போர்டை மாற்றவேண்டியதில்லை. யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவைக்கு லினக்ஸில் தனி டிரைவர் தேவையில்லை, செருகியதும் முதல் கட்டளையின் பட்டியலில் புதிய கார்டாக வந்துவிடும். பவுகன்ட்ரோலில் அதை இயல்பு வெளியீடாகக் குறியுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி, மூடியுள்ள ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதன் துளைக்குள்ளும் இதே தகடுதான் இருக்கிறது.